தோல்வி பூஜ்யம்

காசியம்மாள் படியேறி வரும் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். அதை மறைத்து எழுத இஷ்டமில்லை. ஒன்பது மாதமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், திண்டிவனத்தில் கருவாடு விற்றுவிட்டுப் பதினொரு மணி வாக்கில் எங்கள் ஆபீசுக்கு வருவார். கூடையைக் கீழே செருப்புக் கடை ஓரமாகவே வைத்துவிடுவார். வாடை வருகிறது என்று ஒருமுறை யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த யாரோ நான்தான்.

வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"பாப்பா, அன்னிக்கு எங்கூட்டுக்காருக்குக் கூப்பாடு போச்சா, போவலியா?"

"போச்சுக்கா."

"சரி பாப்பா."

அவ்வளவுதான். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போய்விடுவார். அடுத்த வெள்ளிக்கிழமை அதே கேள்வி. திட்டினால் திருப்பித் திட்டலாம், அழுதால் ஆறுதல் சொல்லலாம். கேட்டுவிட்டுச் சரி என்று போகிறவரை நான் என்ன செய்வது?

விஷயம் இதுதான். மரக்காணம் பக்கத்துக் குப்பங்களுக்காக நாங்கள் ஒரு ஆப் செய்து நடத்துகிறோம். கரைமணி என்று பெயர். முதலாளி சீனுவாசன் சார் விழுப்புரத்தில் இருக்கிறார். புரோகிராம் எழுதுகிற நாங்கள் நாலு பேர் திண்டிவனத்தில், செருப்புக் கடை மாடியில். படகு கிளம்பும்போது போனில் 'போறேன்' என்று ஒரு பட்டன் அழுத்த வேண்டும், கரை வந்ததும் 'வந்துட்டேன்'. காற்று, புயல் என்று எச்சரிக்கை வந்தால், அந்த நேரம் கடலில் இருக்கிற படகுகளின் லிஸ்ட் குப்பத்தில் இருக்கும் சவுரிராயனின் போனுக்குப் போகும். அவர் கையில் வயர்லெஸ் இருக்கிறது. லிஸ்ட்டில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுத் திரும்பச் சொல்வார். அதைத்தான் குப்பத்தில் கூப்பாடு என்பார்கள். முன்பெல்லாம் பெண்கள் மணலில் நின்று படகை எண்ணுவார்களாம். நாங்கள் வந்தபிறகு அந்தப் பழக்கம் நின்றது. அதை ஒரு சாதனையாக நான் மேடை போட்டுச் சொல்லியிருக்கிறேன்.

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் எச்சரிக்கை வந்தது. மற்ற படகெல்லாம் திரும்பின. தேவநாதனின் படகு திரும்பவில்லை. காசியம்மாளின் கணவர் அவர். கூடப் போனவன் கோகுலகிருஷ்ணன், இருபத்திரண்டு வயது. அடுத்த தெரு அன்புச்செல்விக்கு ஒரே மகன். மூன்றாம் நாள் படகு மட்டும் கவிழ்ந்த வாக்கில் கிடைத்தது.

கோயில் வாசலில் கூட்டம் கூட்டினார்கள். எந்தெந்தப் பெயர் என்று நினைவில்லை, ஆனால் லிஸ்ட்டில் வந்த அத்தனை பெயரையும் மும்மூன்று தரம் கூப்பிட்டேன் என்று சவுரிராயன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். அடுத்து என்னைக் கேட்டார்கள். நான் விழுப்புரம் பக்கம் கெடாரில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடுகிற வீட்டுப் பெண். கடலைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். ஆனால் என் வேலையில் யாராவது குறை சொன்னால் பொறுக்காது. கலரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். 'டெஸ்ட் 412, தோல்வி 0' என்று மேலே பச்சைப் பட்டை போட்ட காகிதம்.

"எங்க சாஃப்ட்வேர்ல தப்பு நடக்க வாய்ப்பே கெடையாதுங்க. வாரா வாரம் நானூத்திப் பன்னெண்டு டெஸ்ட் ஓட்டிப் பார்த்துட்டுத்தான் விடறோம். முப்பத்தொரு பேருக்கு சேதி போயிருக்குது."

எத்தனை பெயர் போனது என்றுதான் எங்கள் பதிவில் நிற்கும். யார் யார் பெயர் என்று நிற்காது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திரும்பிய படகு எத்தனை என்றும் யாரும் எண்ணியிருக்கவில்லை. காகிதம் கை மாறிக் கை மாறிச் சுற்றி வந்தது. கூப்பாடு போயும் தேவநாதன் மீன் ஆசையில் திரும்பவில்லை, அடுத்தவன் பிள்ளையையும் சேர்த்துக் கொன்றான் என்று அன்றே முடிவாகிவிட்டது. அன்புச்செல்வி மண்ணை வாரி காசியம்மாள் வீட்டு வாசலில் தூற்றினார். அதற்குப் பிறகு கரையில் யாரும் காசியம்மாளுக்கு மீன் கொடுப்பதில்லை. அதனால்தான் எங்கிருந்தோ கருவாடு வாங்கித் திண்டிவனத்துக்குச் சுமந்து வருகிறார்.

இவ்வளவும் தெரிந்தும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. சரியாகச் செய்த வேலையை ஒருவர் ஒன்பது மாதம் சந்தேகப்பட்டால் வேறு என்ன வரும்?

இந்த ஆடி வெள்ளியும் வந்தார். கேட்டார். எனக்கு அன்று காலையிலிருந்தே பேஜார். கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது. அடுத்த மேஜைப் பூவரசன் லீவு கேட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். என் பொறுமை போய்விட்டது.

"அக்கா, இப்படி உக்காருங்க. இன்னிக்கு உங்களுக்கு நேராவே காட்டிடறேன். அப்புறம் இந்தக் கேள்வியே கேக்கக் கூடாது."

அவர் முந்தானையால் நாற்காலியை ஒருமுறை துடைத்துவிட்டு நுனியில் உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு ரிலீஸ் நாள். அந்த வாரம் செய்த மாற்றங்களை மொத்தமாக வெளியே விடுவோம். சீனுவாசன் சார் ராகுகாலம் பார்க்கிறவர். வெள்ளியன்று பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை எந்தப் புதுக்காரியமும் செய்ய மாட்டார். பன்னிரண்டு ஐந்துக்கு விழுப்புரத்தில் குளித்து விபூதி பூசி, அவரே தன் கையால் ரிலீஸ் பட்டனை அழுத்துவார். அதற்கு முன்னால் நாங்கள் பதினொரு மணிக்கு எல்லா டெஸ்டையும் மொத்தமாக ஓட்டி 'தோல்வி 0' என்று அவருக்கு மெசேஜ் போக வைக்க வேண்டும். மற்ற நாட்களில் அவரவர் அந்த வாரம் புதிதாக எழுதிய டெஸ்டை மட்டும் ஓட்டிக்கொள்வோம். ராகுகாலத்தில் டெஸ்ட் ஓட்டலாமா என்று பூவரசன் ஒருமுறை கேட்டான். டெஸ்ட் என்பது புதுக்காரியம் இல்லை, பழைய காரியத்தைச் சரிபார்ப்பது, அதற்குத் தோஷமில்லை என்று சார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பாருங்கக்கா. படகு லிஸ்ட்டை சவுரிராயன் அண்ணனுக்கு அனுப்பற எடம் இது. இந்த வரியை நான் வேணும்னே எடுத்துடறேன். இப்ப இது யாருக்குமே கூப்பாடு அனுப்பாது. சரியா? இப்ப டெஸ்ட் ஓட்டினா, இந்தப் பட்டை செவப்பாயிடும். மிஷின் கத்தும். தப்பு இருந்தா அது சும்மாவே இருக்காது. அன்னிக்கும் அப்படித்தான். தப்பு இருந்திருந்தா கத்தியிருக்கும்."

"செவப்பு வரும்ன்றே."

"வரும்."

ஓட்டினேன். முப்பத்தெட்டு வினாடி. பட்டை பச்சையாகவே முடிந்தது. டெஸ்ட் 412, தோல்வி 0.

காசியம்மாள் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பச்சையாதானே கீது?"

"இருங்கக்கா, சேவ் பண்ணலை போல."

சேவ் செய்துதான் இருந்தது. மறுபடி செய்தேன். மறுபடி ஓட்டினேன். பச்சை. அந்த ஒரு வரி மட்டுமில்லாமல் அந்தப் பக்கத்தையே காலி செய்தேன். பச்சை. புதிதாக ஒரு டெஸ்ட் எழுதினேன், இரண்டும் இரண்டும் ஐந்து என்று. எந்த மெஷினும் அதை ஒத்துக்கொள்ளாது. எங்கள் மெஷின் ஒத்துக்கொண்டது. டெஸ்ட் 413, தோல்வி 0.

"இன்னா எழுதினே இப்ப?"

நான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பொய் சொல்லத் தோன்றவில்லை.

"ரெண்டும் ரெண்டும் அஞ்சுன்னாகூட உங்க மிஷின் சரின்னுதான் சொல்லுமா பாப்பா?"

பூவரசன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். "அக்கா, தோல்வி பூஜ்யம் சரி. பாஸ் எத்தனைன்னு பாருங்க."

பாஸ் எத்தனை என்று நாங்கள் பார்த்ததே இல்லை. சாருக்குப் போகிற மெசேஜில் தோல்வி மட்டும்தான் இருக்கும், அவர் அதைத்தான் கேட்டார். முழு ரிப்போர்ட்டைத் திறந்தேன். பாஸ் 0. தோல்வி 0. தவிர்க்கப்பட்டவை 413.

ஒரு டெஸ்ட்கூட ஓடவில்லை. ஓடாத டெஸ்ட் எப்படித் தோற்கும்? பூவரசன் நீட்டிய தண்ணீரை வாங்கி வாயில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு டெஸ்டைத் தவிர்த்தால், யார் தவிர்த்தது என்று ரிப்போர்ட் அடியில் ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினேன். வந்த பெயர்: 'ராகுகாலம்'.

அது நான் எழுதியது.

என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் டெஸ்ட் ஓட்டப் பயன்படுத்துகிற கருவியில் ஒரு வசதி உண்டு. எல்லா டெஸ்டும் தொடங்குமுன் ஒருதரம், ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் ஒருதரம், அது முடிந்ததும் ஒருதரம், கடைசியில் எல்லாம் முடிந்ததும் ஒருதரம், 'என்னைக் கூப்பிடு' என்று நாம் சொல்லி வைக்கலாம். கால்பேக் என்பார்கள். கல்யாணப் பந்தியில் இலை போட ஒரு ஆள், எடுக்க ஒரு ஆள் என்று நிற்பதுபோலத்தான். சாப்பிடுகிறவருக்கு அவர்கள் யாரென்று தெரியவேண்டியதில்லை. அப்படி நிற்கிற ஆளை நாம் தனியாக எழுதிச் சேர்த்தால் அது எக்ஸ்டென்ஷன். டெஸ்டுக்கு முன்னால் நிற்கிற ஆள் இன்று வேண்டாம் என்று சொன்னால், அந்த டெஸ்ட் தோற்காது. ஓடாமலே எழுந்து போய்விடும்.

போன ஆவணியில் புது மெஷின் வாங்கினோம். சீனுவாசன் சார் விழுப்புரத்திலிருந்து திருவக்கரை போய், காளியம்மன் பாதத்தில் வைத்த எலுமிச்சம்பழத்தோடு வந்தார். அது ஒரு வெள்ளிக்கிழமை, வந்து சேர்ந்தபோது பத்தே முக்கால். ராகுகாலம் என்று பிளக்கைச் செருக விடவில்லை. ஒன்றேகால் மணி நேரம் நாலு பேரும் பழத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சும்மா உட்காராமல் லேப்டாப்பில் ஒரு எக்ஸ்டென்ஷன் எழுதினேன். ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் அதைக் கூப்பிடுவார்கள். அது கடிகாரத்தைப் பார்க்கும். ராகுகாலம் என்றால் 'ராகுகாலம், அப்புறம் வா' என்று திரையில் எழுதிவிட்டு டெஸ்டைத் திருப்பி அனுப்பும். ஏழு நாளுக்கும் ராகுகாலம் சரியாகப் போட்டிருந்தேன். மெஷின் ஓட ஆரம்பித்ததும், லேப்டாப்பின் கடிகாரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி சாரிடம் ஓட்டிக் காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சாரும் சிரித்தார்.

சாயங்காலம் அதை எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அந்த வாசகத்தை அழித்தேன், என் டெஸ்டின் தலையில் போட்டிருந்த குறிப்பையும் அழித்தேன். ஆனால் புது மெஷினில் எல்லா டெஸ்டுக்கும் தானாகச் சேரட்டும் என்று வேறொரு ஃபைலில் அதன் பெயரை எழுதியிருந்தேன். அது அங்கேயே இருந்தது. கேலியின் வாயை மூடினேன், கையைக் கட்ட மறந்துவிட்டேன். அதற்கப்புறம் பதினோரு மாதம், வெள்ளிக்கிழமை தவறாமல், சரியாக ராகுகாலத்தில் நாங்கள் டெஸ்ட் ஓட்டினோம். பழைய மெஷினில் ஒன்பது நிமிஷம் ஆனது இதில் முப்பத்தெட்டு வினாடியில் முடிந்தது. எலுமிச்சம்பழ மகிமை என்றார் சார். புது மெஷின் வேகம் என்றேன் நான். எனக்கு ஏன் ஒருநாளும் சந்தேகம் வரவில்லை?

"பாப்பா, இன்னா ஆச்சு? மூஞ்சி வெளுத்துப் போச்சே."

"ஒண்ணுமில்லக்கா. ஒரு பத்து நிமிஷம் இருங்க."

சாருக்குப் போன் போட்டேன். மணி பதினொன்றரை.

"சார், ரிலீஸ் போடாதீங்க. பெரிய தப்பு ஒண்ணு..."

"கலைமதி, ராகுகாலத்துல கெட்ட சேதி சொல்லாதம்மா. பன்னெண்டு அடிக்கட்டும்." வைத்துவிட்டார்.

போனைச் சுவரில் அடிக்கலாம் போல் இருந்தது. அடிக்கவில்லை. கைக்கு வேலை இருந்தது. நான் வேண்டுமென்று உடைத்ததையெல்லாம் முதலில் பழையபடி ஆக்கினேன். இரண்டும் இரண்டும் ஐந்து என்ற அந்த டெஸ்டையும் அழித்தேன். பிறகு அந்த ஃபைலில் இருந்த 'ராகுகாலம்' என்ற வரியை எடுத்தேன். ஓட்டினேன்.

இந்தத் தடவை பட்டை நகரவே மாட்டேன் என்றது. ஒன்று, நாலு, பத்து என்று எண் மெதுவாக ஏறியது. புது மெஷின் அப்படியொன்றும் வேகமில்லை. காசியம்மாள் முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். பூவரசன் நின்றுகொண்டே நகத்தைக் கடித்தான். நான் கடவுளைக் கும்பிடுகிறவள் இல்லை. அன்று கும்பிட்டேன். எது வேண்டுமானாலும் உடைந்திருக்கட்டும், அந்த ஐப்பசி வியாழனுக்குச் சம்பந்தமில்லாததாக இருக்கட்டும் என்று கும்பிட்டேன்.

எட்டரை நிமிஷத்தில் முடிந்தது. பட்டை சிவப்பு. பாஸ் 409, தோல்வி 3.

முதல் இரண்டும் அற்பம். தேதி காட்டும் இடத்தில் ஒன்று, எழுத்து அளவில் ஒன்று. மூன்றாவதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

என் டெஸ்டுகளுக்கு நான் தமிழில்தான் பெயர் வைப்பேன். அதன் பெயர் இது: 'தங்கல் போன படகு ரெண்டாம் ராத்திரியும் லிஸ்ட்ல இருக்கணும்.'

பூவரசனைப் பார்த்தேன். அவன் அதற்குள் தேதியைத் தேடி எடுத்துவிட்டிருந்தான்.

"அக்கா, இது நான் பண்ணது. கரைக்கு வந்தவங்க 'வந்துட்டேன்' பட்டனை அழுத்த மறந்துடறாங்க, மணல்ல கெடக்கிற படகையெல்லாம் கூப்பிட வேண்டியிருக்குன்னு சவுரிராயன் அண்ணன் சொன்னாரில்ல? அதுக்காக ராத்திரி பன்னெண்டுக்கு லிஸ்ட்டைக் காலி பண்ற மாதிரி எழுதினேன். ராத்திரிக்கு எல்லாரும் வூட்டுக்கு வந்துடுவாங்கன்னு நெனச்சேன்கா. எங்க ஊரு வல்லத்துல கழனிக்குப் போனவன் எவன் ராத்திரி வூட்டுக்கு வராம இருப்பான்? உங்க டெஸ்ட் இருக்குதே, தப்பா இருந்தா வெள்ளிக்கிழமை செவப்பு காட்டும்னு விட்டுட்டேன்."

"எப்ப ரிலீஸ்?"

அவன் சொன்ன தேதி, அந்த ஐப்பசி வியாழனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை.

தேவநாதன் புதன்கிழமை மத்தியானம் கிளம்பினார். இரண்டு ராத்திரி கடலிலேயே தங்கி வலை போடுகிற தங்கல் தொழிலுக்கு. புதன் நள்ளிரவில் எங்கள் புரோகிராம் அவர் பெயரை அழித்தது. வியாழன் மத்தியானம் எச்சரிக்கை வந்தபோது லிஸ்ட்டில் அன்று காலை போன முப்பத்தொரு படகுதான் இருந்தது. முப்பத்தொன்றையும் சவுரிராயன் கூப்பிட்டார். முப்பத்தொன்றும் திரும்பியது. அவர் செய்த சத்தியத்தில் பொய்யில்லை. பச்சைக் காகிதத்தை நீட்டிய என் வாயில்தான் பொய் இருந்தது, அதை நான் அறியாமலே.

"என்னன்னு சொல்லு பாப்பா. எனக்குப் படிக்க வராது. செவப்பா இருக்கிறதைப் படி."

படித்தேன். "தங்கல் போன படகு ரெண்டாம் ராத்திரியும் லிஸ்ட்ல இருக்கணும்."

காசியம்மாள் கை சுருட்டுவதை நிறுத்தியது.

"மறுக்கா படி."

படித்தேன்.

"இது அவரு பேச்சாச்சே." திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "இது எங்கூட்டுக்காரு பேச்சு பாப்பா. யாரு சொன்னா உனக்கு?"

அவர்தான் சொன்னார். ஆப் தொடங்கின புதிதில் குப்பத்துக்கு நோட்டுப் புத்தகத்தோடு போயிருந்தேன். எல்லாரும் கூச்சப்பட்டு நின்றபோது வலையை உதறிக்கொண்டே அவர் ஒருவர்தான் பேசினார். 'கழனிப் பொண்ணு நீ, உனக்குத் தெரியாது. தங்கல் போன படகு ரெண்டாம் ராத்திரியும் லிஸ்ட்ல இருக்கணும். எழுதிக்க பாப்பா. மறந்துடாத.' எழுதிக்கொண்டேன். மறக்கக் கூடாது என்றுதான் அதே வார்த்தையில் டெஸ்டாகப் போட்டேன். அந்த டெஸ்ட் அந்த வெள்ளிக்கிழமை ஓடியிருந்தால் கத்தியிருக்கும். ரிலீஸ் நின்றிருக்கும். அவரே எழுதச் சொன்ன காவல் அவரைக் காத்திருக்கும். நான் அதைச் சிரிப்புக்காகத் தூங்க வைத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கால்பேக், எக்ஸ்டென்ஷன் என்று எதுவும் சொல்லவில்லை. ராகுகாலத்தில் டெஸ்ட் ஓடக் கூடாது என்று நான் கேலியாக எழுதி வைத்தேன், எடுக்க மறந்தேன், அதனால் தப்பு தெரியாமல் போனது, அவருக்குக் கூப்பாடு போகவில்லை என்று சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அவர் அழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

போன் அடித்தது. பன்னிரண்டு ஒன்று. சீனுவாசன் சார். எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது. அணைக்கப் போனேன், காசியம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லும்மா கலை, ராகுகாலம் முடிஞ்சுது. ரிலீஸ் போடட்டுமா?"

"வேணாம் சார்." சொன்னேன். ஐப்பசியையும் சொன்னேன்.

சார் குரலைத் தணித்தார். "அய்யோ பாவமே. சரி, நடந்தது நடந்துபோச்சு. அந்தப் பன்னெண்டு மணி வேலையை எடுத்துட்டு ஜல்தியா அனுப்பு, இன்னிக்கே போட்டுடலாம். பழசை யாருக்கும் சொல்லிக்கினு இருக்காத. ஊரே முடிவு பண்ணி அடங்கிப்போன விசயம். நாலு குடும்பம் இதை நம்பிப் பொழைக்குது. நீ நல்ல பொண்ணு, புரிஞ்சுக்குவே."

"அவங்க இங்கதான் சார் இருக்காங்க. தேவநாதன் அண்ணன் சம்சாரம். கேட்டுக்கினுதான் இருக்காங்க."

போன் அணைந்துவிட்டது. அவர் அணைத்தாரா, அவர் கையிலிருந்து விழுந்ததா, தெரியாது. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக அதிர்ச்சி தந்தது. என் தட்டில் தன் வீட்டுப் பொங்கலை வைத்துச் சாப்பிடச் சொல்கிற மனிதர் இப்படி ஒரு நொடியில் பேசுவார் என்றால், நானும் அன்று கோயில் வாசலில் அப்படித்தானே பேசினேன்?

காசியம்மாள் என் கையை விட்டார். எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஊரு சொன்னப்ப நான் மண்டையாட்டல பாப்பா. ஆனா வூட்டுக்குள்ள நானும் அதைத்தான் நெனச்சேன். மிஷின் பொய் சொல்லாதுன்னு நீதான் காகிதம் காட்டினியே. கூப்பாடு கேட்டும் வராம என்னையும் புள்ளையையும் உட்டுட்டுப் போனியேன்னு தெனம் திட்டினேன். போட்டோவை எடுத்துப் பரண்ல குப்புறப் போட்டேன். ஒன்பது மாசமா ஒரு விளக்கு வைக்கல. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை உங்கிட்ட எதுக்கு வந்தேன் தெரியுமா? ஒருநாளாவது போவலைன்னு சொல்லுவியான்னு."

நான் குனிந்து, விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தினேன்.

பூவரசன் அந்த நள்ளிரவு வேலையை எடுத்துவிட்டு மறுபடி டெஸ்ட் ஓட்ட உட்கார்ந்தான். சார் கோபித்தால் கோபிக்கட்டும், இதை நான் அனுப்பி வைக்கிறேன், நீங்க போங்க என்றான். நான் பிரிண்டரில் சிவப்புக் காகிதத்தை எடுத்தேன். கலர் மை தீர்ந்துகொண்டிருந்தது, பட்டை பாதி வெளுத்து வந்தது. அது போதும். கீழே போய்க் கருவாட்டுக் கூடையை நான் எடுத்தேன். அவர் வேண்டாம் என்றார், விடவில்லை.

"எங்க வர்றே?"

"அன்புச்செல்வி அக்கா வூட்டுக்குக்கா. அப்புறம் கோயில் வாசல். அன்னிக்கு எங்க நின்னு சொன்னேனோ அங்கயே நின்னு சொல்றேன். அடிச்சாலும் வாங்கிக்கறேன்."

அவர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

மரக்காணம் பஸ்ஸில் கூட்டம். கூடை வாடைக்குச் சிலர் முகத்தைச் சுளித்தார்கள், என் மடியில்தான் வைத்திருந்தேன். ஊரைத் தாண்டியதும் காசியம்மாள் என் போனைக் கேட்டார். நம்பரைச் சொல்லி என்னைப் போடச் சொன்னார். வீட்டில் இருந்த மகள் காயத்ரி எடுத்தாள். பஸ் சத்தத்தில் கேட்க வேண்டும் என்று காசியம்மாள் உரக்கப் பேசினார், முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"காயத்ரி, பரண் மேல அப்பா போட்டோ கெடக்குது பாரு, அதை எறக்கு. நல்லா தொடச்சு பழைய எடத்துல மாட்டு. கதவைத் தெறந்து வையி... இல்லடி, நான் அழுவல. கூப்பாடு வரலடி. அப்பாவுக்குக் கூப்பாடே வரல."